போட்டோ எடுக்கும்வரை

முதலமடையில் மாங்காய் லாரி இடித்துத் தள்ளிய ஸ்கூட்டர்க்காரர் நடுரோட்டில் துடித்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டோ கூப்புடப்பா, காலு போச்சு." ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் அடைபட்டு வந்தது.

"அசையாதீங்க, மொதல்ல போட்டோ," என்றார் வேடிக்கை பார்க்க ஓடிவந்த காளிச்சாமி. இரண்டு விபத்து வழக்குகளில் ஜெயித்த அனுபவஸ்தர். "ஹெல்மெட்டும் தலையிலயே இருக்கட்டும். போலீஸ் வர்ற வரைக்கும் முனகிட்டே கெடங்க. எங்க வக்கீல் பூபதிராஜா சொல்லிக் குடுத்ததுங்க. தோல்வியே தெரியாத மனுசன்."

விழுந்தவர் பொறுக்கமாட்டாமல் ஹெல்மெட்டைக் கழற்றி வீசினார்.

காளிச்சாமி கைகூப்பினார். "ஏனுங்க வக்கீலய்யா, நீங்களா?"

"யோவ், ஆஸ்பத்திரிக்குத் தூக்குய்யா. நெசமாவே ஒடைஞ்சிருச்சு," என்று அழுதார் வக்கீல்.

காளிச்சாமிக்கு மெய்சிலிர்த்தது.

"'நெசமாவே ஒடைஞ்சிருச்சு'ன்னு சொல்லணும்னும் நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க. இதே அழுகையோட," என்றபடி செல்போனை நீட்டிப் பிடித்தார்.