பப்லு சைவம்

மூன்று பேர் பார்க்கிற வேலையை ஒருத்தி தலையில் கட்டலாம் என்று கண்டுபிடித்த மகராசன் மட்டும் கையில் கிடைத்தால், கூண்டு கழுவின தண்ணீரிலேயே அவனை முக்கி எடுத்துவிடுகிற ஆத்திரத்தில் இருந்தாள் ஜெரூஷா.

கேம்ப் ரோட்டில் நாய், பூனை, கிளி, மீன் எல்லாவற்றுக்கும் தீனி விற்கிற கடை. கூட இருந்தவர்களில் ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இன்னொருத்தன் ஹரிபிரசாத், போன மாசம் கம்பெனி வேலை கிடைத்து ஒரகடம் பக்கம் போய்விட்டான். முதலாளி பக்தவச்சலம் "ஆள் பாத்துக்கிட்டே இருக்கேம்மா" என்று பாட்டு பாடுவாரே ஒழிய, ஆள் வந்த பாடில்லை. கல்லாவில் நிற்பதிலிருந்து முயல் புழுக்கை அள்ளுவது வரை இவள்தான். காலையிலிருந்து ஒரு நிமிஷம் உட்காரவில்லை. ஆனாலும் விட முடியாது. அவள் வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் இதுதான்.

ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். சுந்தரராமன் குனிந்து உள்ளே வந்தார். பக்கத்துக் காலனியின் சங்கத் தலைவர். பின்னாலேயே அவர் மனைவி அபிதகுஜாம்பாள் மாமி, மாமி பிடித்த கயிற்றில் பப்லு என்கிற லேப்ரடார் நாய்.

தீனிப் பையை மேஜைமேல் தொப்பென்று போட்டார்.

"இதுல என்னத்தக் கலந்தே?"

ஜெரூஷாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே கொட்டித் தீர்த்தார். அவர் வீடு சைவமாம், பப்லுவும் சைவமாம். அதற்காகத்தான் இந்தக் கடையில் சைவத் தீனியாகப் பார்த்து எடை போட்டு வாங்குகிறாராம். இன்றைக்கு வந்திருந்த சம்பந்தியம்மா நாயின் தட்டுப் பக்கம் போய்விட்டு, உங்காத்துல ஏன் கவுச்சி அடிக்கிறது என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாளாம். மானம் போச்சாம்.

"சைவ மூட்டை, சிக்கன் மூட்டை ரெண்டுக்கும் ஒரே கரண்டியைப் போட்டு அள்றே. உங்களுக்கெல்லாம் இது பெரிசில்ல. எங்களுக்கு அப்படியாம்மா?"

அந்த 'உங்களுக்கெல்லாம்' அவளுக்குச் சுருக்கென்றது. தனித்தனிக் கரண்டி இருக்கிறது, பாருங்கள் என்று எடுத்துக் காட்டினாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கவுச்சி எங்கிருந்து வந்தது என்று ஜெரூஷாவுக்குத் தெரியும். வாராவாரம் சாயங்காலம் மாமா கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து மாமி வருவாள். சிக்கன் பாக்கெட் வாங்கி, கிளிக்குப் போடுகிற தினைக் கவருக்குள் ஒளித்து எடுத்துக்கொண்டு போவாள். பப்லுக் குழந்தை பருப்பு சாதத்தைப் பார்த்தாலே அழறதுடி, மாமாவுக்குத் தெரியப்படாது, சத்தியம் பண்ணு என்றாள் முதல் தடவை. சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன் மாமி, எங்க வேதத்துல கூடாது, ஆனா சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன் என்றிருந்தாள் ஜெரூஷா.

இப்போது அந்த மாமி, வாழ்நாளில் மீனையே பார்க்காதவள் மாதிரி தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திற மாமி, ஒரு வார்த்தை சொல்லு மாமி என்று ஜெரூஷாவுக்கு உள்ளுக்குள் கொதித்தது. மாமி ஒரே ஒரு முறை திரும்பினாள். கண் நிறையத் தண்ணீர். மறுபடி மீன் பக்கமே திரும்பிக்கொண்டாள்.

சுந்தரராமன் பக்தவச்சலத்துக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். இனிமேல் காலனியில் ஒரு வீடுகூட உங்கள் கடைக்கு வராது என்றார். அவ்வளவுதான், முதலாளி ஆடிப்போய்விட்டார். என்னம்மா நடந்தது என்று ஒரு வார்த்தை அவளைக் கேட்க வேண்டுமே, கேட்கவில்லை.

"சார்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு, சாவியைப் பக்கத்து மெடிக்கல்ல குடுத்துட்டுப் போ. நாளையிலேர்ந்து வர வேணாம்."

மாமியைப் பற்றி ஒரு வார்த்தை போதும், வேலை தங்கும். ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறாள். செய்யாத தப்புக்கு "சாரி சார்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அவள்மேலேயே எரிச்சலாக வந்தது.

மாமி தலையைக் குனிந்தபடி பப்லுவை இழுத்துக்கொண்டு காருக்குப் போனாள். சுந்தரராமனும் வெளியே போனார்.

ஜெரூஷா விளக்குகளை அணைத்தாள். சாவியை எடுத்தபோது ஷட்டர் மறுபடி கிரீச்சிட்டது. சுந்தரராமன், தனியாக. இன்னும் என்ன பாக்கி வைத்திருக்கிறாரோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் ஒரு தடவை காரைத் திரும்பிப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். அந்தக் குரல் எங்கே போயிற்றோ, கிசுகிசுப்பாக வந்தது.

"கோச்சுக்காதேம்மா. மாமி முன்னாடி எனக்கு வேற வழியில்ல. அந்த சிக்கன் பாக்கெட் ரெண்டு குடு. ஹரிபிரசாத் இருந்த வரைக்கும் கேக்காமலே எடுத்து வெப்பான். போறச்சே அவன் மொத்தமா குடுத்ததெல்லாம் இன்னியோட தீர்ந்துடுத்து. கார்த்தால வாக்கிங்ல அது கிடைக்கலேன்னா பப்லு ஒரு அடி நகர மாட்டான்."

வெளியே, காரில் ஏற முடியாமல் உருண்டுகொண்டிருந்த பப்லுவைப் பார்த்தாள் ஜெரூஷா. காலையில் இவர், சாயங்காலம் அவள். நடுவில் போனது என் வேலை.

பாக்கெட்டை எடுக்கவில்லை. போனை எடுத்தாள், முதலாளியின் நம்பரைப் போட்டாள், ஸ்பீக்கரைத் தட்டி சுந்தரராமன் வாய்க்கு நேராக நீட்டினாள்.

அவர் வெளிறிப்போனார். "ஐயையோ, வேண்டாம்மா. மாமிக்குத் தெரிஞ்சா..."

"மாமிகிட்ட நான் சொல்ல மாட்டேன் சார். எங்க ஓனர்கிட்ட நீங்களே சொல்லுங்க."