பதினான்காம் நகர்வு

ஜொகூர் பாரு சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டம். கறுப்புக் காய்களுடன் ஆடிய மூவார் ஊர்த் துணிக்கடைக்காரர் காதர் மொய்தீன், இரண்டாவது நகர்விலேயே ஒரு சிப்பாயைப் பலிக்கு நீட்டினார். சதாசிவத்துக்குக் காது சுட்டது. அது அவருடைய அண்ணன் ஏகாம்பரம் கண்டுபிடித்த தற்காப்பு. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அதை எழுதிய குறிப்பேட்டையும் ஆறு வருடத்துக்கு முன் அண்ணனோடு சிதையில் வைத்தாயிற்று.

பின்னால் நின்ற அண்ணன் மகன் நடேசனிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"வீட்டு வித்தையை வெளியில வித்துட்டியாடா?"

"சத்தியமா இல்ல சித்தப்பா."

"ஆட்டம் முடியட்டும். நீ என் வாசப்படிய மிதிக்கிறியான்னு பார்க்கலாம்."

அந்தத் தற்காப்பில் ஓர் ஓட்டை உண்டு. பதினான்காம் நகர்வில் வெள்ளைக் குதிரை நடுவில் வந்து உட்கார்ந்தால் கறுப்புக்கு மீட்சி இல்லை. அதற்கு விடை காணாமலே அண்ணன் கண்ணை மூடினார். சதாசிவம் நிமிர்ந்து உட்கார்ந்து குதிரையை வைத்தார். காதர் யோசிக்கவே இல்லை. யானையைப் பலி கொடுத்தார். ஐந்தே நகர்வில் சதாசிவம் தோற்றார்.

நடேசனுக்கு இந்த விடை தெரிய வழியில்லை.

"யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று காதரிடம் கேட்டார்.

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே ஐயா! உங்க அண்ணன்கிட்டதான். மூணு வருஷமா தபால் கார்டுல ஆடுறோம். இந்த யானையைப் போன வாரந்தான் எழுதினாரு." காதர் ஓர் அட்டையை நீட்டினார். "என் பதில். நீங்களே அவர் கையில குடுத்துடுங்க."

அட்டையில் பாலோ ஊரிலிருக்கும் சதாசிவத்தின் வீட்டு முகவரி சரியாக இருந்தது.

நடேசன் அதைப் பார்த்துவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்தான். "வீட்டுத் தபாலையெல்லாம் நீங்கதானே வாங்குறீங்க?"

அவர்தான் வாங்குவார். மூன்று வருடத்தில் அப்படி ஓர் அட்டை அவர் கைக்கு வந்ததே இல்லை.