ரிபேட்ரியேட்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரே ஒரு இங்கிலீஷ் சொல் ஒரு வீட்டை மத்தியானம் முழுக்கத் தவிக்கவிட்ட கதையைச் சொல்கிறேன்.

கடலூர்க் கடலோரக் குப்பத்தில், பொன்னி தன் போனைக் கொழுந்தன் மணிவண்ணனிடம் நீட்டினாள்.

அவள் புருஷன் இளவரசு வளைகுடாவில் படகு வேலை பார்க்கிறவன். கொஞ்ச நாளாக அவனிடமிருந்து பேச்சு மூச்சில்லை. இன்றைக்குக் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது.

"இதுல ரிபேட்ரியேட்டுன்னு போட்டிருக்கே, தம்பி. அப்படின்னா என்னா?"

மணிவண்ணன் சிதம்பரத்தில் பி.காம். படித்தவன். அந்தச் சொல்லுக்கு அடுத்ததையும் படித்துவிட்டான். கட்டைவிரலைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்துக்கொண்டான்.

"சொந்த ஊருக்கே கொண்டாந்து சேக்கறது, அண்ணி."

தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே இருந்த அவன் அம்மா பூவம்மாள் நிமிர்ந்தாள். சர்க்கரை வியாதிக்காரி, மூத்த மகனிடமிருந்து போன் வராததிலிருந்து சரியாகச் சாப்பிடாதவள்.

"எம்புள்ள வரானா? அடியே, இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்துடி!"

பொன்னி ஊற்றினாள்.

"ஆளுக்குத்தான் அந்தச் சொல்லா? சாமானுக்கும் போடுவாங்களா?"

"ஆளுக்குத்தான்." காண்ட்ராக்ட் முடிந்தால் போடுவார்கள், விசா தீர்ந்தால் போடுவார்கள், அங்கே சண்டை வந்தால் போடுவார்கள் என்று அடுக்கினான். ஒன்றை மட்டும் விட்டுவிட்டான்.

எழுந்தான். வாசல்வரை போனான். திரும்பி வந்து உட்கார்ந்தான். விரலை மட்டும் எடுக்கவில்லை.

அப்போதுதான் அண்ணியின் தலையைப் பார்த்தான். திருப்பாதிரிப்புலியூர் போனால் கனகாம்பரம் இல்லாமல் திரும்பாதவள். இன்று காலையில் போய் வந்தவள் தலையில் பூ இல்லை.

பூவம்மாள் தட்டை வழித்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்குத் தண்ணீர் வைக்கிற சாக்கில் பொன்னி குனிந்தாள்.

"காலையிலயே பிரவுசிங் சென்டர்ல படிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன், தம்பி. அத்தகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. அவுங்க சாப்ட்டு கை கழுவட்டும். அப்பறம் வெரல எடுத்துட்டு மிச்சத்தையும் படிங்க."

உங்கள் வீட்டைவிட்டுப் போனவர்கள் எல்லாரும், கண்ணுகளா, தங்கள் காலாலேயே நடந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றட்டும்.