மூன்றாவது டம்ளர்

காலை வெயில் ஜன்னலோர நாற்காலியின் மேல் விழுந்திருக்கிறது. தட்டோடு வருகிறவள் மேசையருகே வந்த பிறகுதான் கவனிக்கிறாள், பழக்கதோஷத்தில் மூன்று டம்ளர் தேநீர். போனவனை நானே கூப்பிட்டுவிட்டேனோ என்று தட்டோடு அப்படியே நிற்கிறாள். அந்த நாற்காலியில் எவனோ உட்கார்ந்திருப்பதாக, நடுக்குவாதக்காரரான கணவர் நான்கு மாதமாகச் சாதித்து வந்தார். அவனுக்கும் தேநீர் வைத்தால்தான் தான் குடிப்பார். ஒருநாள் "யாருடி அவன், உனக்கு என்ன உறவு?" என்று கேட்டுவிட்டார். அன்றுதான் அவள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதாள். நடுக்கத்துக்கான மாத்திரையே இப்படி இல்லாத ஆளைக் காட்டுமாம்; அது குறைந்தது, படுக்கும்போது போட இன்னொன்று வந்தது. "கை கொஞ்சம் கூடுதலா ஆடும், பரவாயில்லையாம்மா?" "ஆடட்டும் டாக்டர்." ஆடுகிறது. இப்போது அவர் டம்ளரை எடுக்கையில் சட்டையெல்லாம் தேநீர். "இன்னொண்ணு யாருக்கு? விருந்தாளி வராங்களா?" என்கிறார். அவள் நாற்காலியைப் பார்க்கிறாள். அவரும் பார்க்கிறார்; அவர் கண் அங்கே நிற்காமல் ஜன்னலுக்குப் போய்த் திரும்பிவிடுகிறது. "எனக்குத்தான். ரெண்டு டம்ளர் குடிக்கப் போறேன்." "தாராளமா குடி. அதுக்கு ஏன் காவல்காரி மாதிரி நிக்குற? நாற்காலி சும்மாதானே கெடக்கு, உக்காரு." அவள் உட்காருகிறாள். நாற்காலி வெயிலில் வெதுவெதுவென்றிருக்கிறது. அவருடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொள்கிறாள். அது ஆடிக்கொண்டே இருக்கிறது.