முதல் வாசகன்

"என்ன கஸ், ஆத்துல விழுந்து எழுந்த மாதிரி வந்து நிக்கறே? வாத்துத்தலைப் பிடி வச்ச உன் குடை எங்கே?"

"உடைஞ்சு போச்சு சார்."

"சரிதான். என் குடையையும் காலையில காணோம். வீடு பூரா தேடிட்டு நானும் நனைஞ்சுதான் வந்தேன். சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு வந்தாப் போதும், என் வீட்டுல வச்சது வச்ச இடத்துல இருக்காது. ஈரக் கோட்டைக் கழட்டிட்டு உட்காரு."

கஸ் லிண்ட்னர் உட்கார்ந்தான். கோட்டைக் கழற்றவில்லை.

ஞாயிறு விடிந்தால் நியூயார்க்கில் பிள்ளைகள் சண்டை போட்டுப் பிரிப்பது அவன் வரையும் 'மார்ட்டியின் சேட்டைகள்' வண்ணப் பக்கத்தைத்தான். மக்கார்டில் அந்த ஞாயிறு இணைப்பின் ஆசிரியர். சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தனை நாளாச்சு உன்னைப் பார்த்து? வீட்டுல உடம்பு சரியில்லைன்னு மட்டும் சொல்லி அனுப்பினே. எதிர்க் கட்டடத்துப் பத்திரிகைக்காரன் உன்னைக் கொத்திக்கிட்டுப் போயிட்டான்னே நினைச்சேன்."

"அடுத்த ஞாயிறு பக்கத்தை நிறுத்தணும் சார்."

"எதை, அந்தக் கல்யாண கேக் பக்கத்தையா? வண்ணப் பக்கம்னா உனக்குத் தெரியாததா? போன வாரமே அச்சடிச்சு, கீழே கட்டுக் கட்டா அடுக்கியாச்சு. சாயங்காலம் வெளியூர்ப் பத்திரிகைகளுக்காக சிகாகோ ரயில்ல ஏறுது."

"ஏத்த வேண்டாம். ஜோக் நல்லா இல்லை."

மக்கார்டில் சிரித்தார். "மார்ட்டி கூரையிலேருந்து கிளம்பி, துணிக்கொடி, மணிக்கூண்டு எல்லாம் தாண்டிப் பறந்து, பாதிரியார் வெட்டப் போற கேக்குல பொத்துன்னு விழறான். அது நல்லா இல்லையா? அச்சு பிளாக் செய்யறவங்க வேலையை விட்டுட்டுச் சிரிச்சாங்கப்பா. ஒரு புரூஃப் தாளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். என் பையன் டெனிஸ் அதைக் கட்டிலுக்கு மேலே ஒட்டி வச்சிருக்கான்."

கஸ் சட்டென்று நிமிர்ந்தான். "கிழிச்சுப் போட்டுடுங்க சார்."

"நான் அதைக் கிழிச்சா அவன் என்னைக் கிழிச்சுடுவான். ஆமா, உன் பையன் எமில் என்ன சொன்னான்? அவன்தானே உனக்கு முதல் வாசகன்? அவன் சிரிக்கலைன்னா பக்கத்தையே கொண்டு வர மாட்டியே நீ."

"சிரிச்சான்." விரலில் ஒட்டியிருந்த பழைய மசிக் கறையைக் கஸ் தேய்த்துக்கொண்டே இருந்தான். "தரையில உருண்டு சிரிச்சான்."

"அப்புறம் என்ன? ஓ, அந்தத் தாய்மார் சங்கமா? மிரட்டினாங்களா? போன மாசம் இங்கே வந்து, படத்தைப் பார்த்துப் பிள்ளைங்க கெட்டுப் போறாங்கன்னு ஒரே கூச்சல். நீ அன்னிக்குச் சொன்னதைச் சொல்லிச் சொல்லி இன்னும் ஆபீஸே சிரிக்குது. 'படத்துல நடக்கறது பொய்னு குழந்தைங்களுக்குத் தெரியும்மா, உங்களுக்குத்தான் தெரியலை'ன்னியே."

"அவங்க விலாசம் இருக்கா சார்? மன்னிப்புக் கேக்கணும்."

மக்கார்டிலின் சிரிப்பு நின்றது. சுருட்டைக் கீழே வைத்தார்.

"இதோ பாரு கஸ், நான் இந்தத் தொழிலுக்கு நேத்து வந்தவன் இல்லை. நான் பக்கத்தை நிறுத்தணும், நீ எதிர்க் கட்டடத்துக்குப் போய் அதே பக்கத்தை வரைஞ்சு கொடுக்கணும். அதானே கணக்கு? மார்ட்டி உனக்குச் சொந்தம், எங்கே வேணும்னாலும் கூட்டிக்கிட்டுப் போவே, அப்படித்தானே?"

"மார்ட்டியை நீங்களே வச்சுக்குங்க."

"என்னது?"

"எழுதித் தரேன். அவன் பேரு, அந்தக் கிழிஞ்ச தொப்பி, எல்லாத்தையும். யாரை வச்சு வேணும்னாலும் வரைஞ்சுக்குங்க. நான் இனிமே அவனைத் தொட மாட்டேன். அந்த ஒரு பக்கம் மட்டும் எந்த வீட்டுக்கும் போகக் கூடாது."

இரண்டு வருஷமாகக் கெஞ்சியும் மிரட்டியும் மக்கார்டிலுக்குக் கிடைக்காத கையெழுத்து அது. இவன் மனசு மாறிவிடப் போகிறதே என்று அவசரமாக இழுப்பறையைத் திறந்து, தயாராக வைத்திருந்த உரிமைப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். கஸ் அதைப் படிக்கவில்லை. பேனாவை வாங்கி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டான். அவன் கோடு கோணி அவர் பார்த்ததே இல்லை. அன்று கையெழுத்து கோணிப் போயிருந்தது.

மக்கார்டிலும் தன் பங்கைச் செய்தார். அச்சுக்கூடத்துக்குத் தொலைபேசியில் பேசினார். "கட்டு எதையும் ரயிலுக்கு அனுப்பாதே. எல்லாத்தையும் ஊறப் போட்டுக் கூழாக்கு. கேள்வி கேக்காதேப்பா, செய்."

பத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, கஸ் பக்கம் திரும்பினார். வியாபாரம் முடிந்ததும் அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"இப்பவாவது சொல்லு. பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தே மார்ட்டியை. ஒரே ஒரு பக்கத்துக்காகவா விட்டுக் கொடுத்தே?"

வெளியே மழை விட்டிருந்தது. காற்று மட்டும் ஜன்னல் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கஸ் மெல்ல எழுந்து கோட்டின் பொத்தான்களைக் கழற்றினான். உள்ளே, சட்டையின் இடது கையில் துக்கத்துக்குக் கட்டும் கறுப்புத் துணி சுற்றியிருந்தது.

"மார்ட்டி எதைப் பிடிச்சுக்கிட்டுக் கூரையிலேருந்து குதிச்சான்னு ஞாபகம் இருக்கா சார்? என் குடையைப் பார்த்துத்தான் அதை வரைஞ்சேன். எமிலும் அதே குடையைத்தான் எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிருக்கான்."

மக்கார்டிலின் பார்வை கஸ்ஸைத் தாண்டி, கதவோரம் காலியாக நின்ற குடைத்தாங்கியின் மேல் விழுந்தது.

"இன்னிக்கு... சனிக்கிழமை" என்றவர், தொப்பியைக்கூட எடுக்காமல், காற்றில் பறந்து கீழே விழுந்த பத்திரத்தை மிதித்துக்கொண்டு படிக்கட்டை நோக்கி ஓடினார்.