பிரிண்டரின் புது அட்ரஸ்

குமாரபாளையம் டவல் கம்பெனியில் கரண்ட் போய் வந்தது. வழக்கம்போல் சண்முகப்பிரியாவுக்குப் பிரிண்ட் வரவில்லை. எதிர் மேஜை அகல்யாவின் பில்கள் மளமளவென்று வந்து விழுந்தன.

சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவள் அகல்யா. நெட்வொர்க் பார்க்கும் தமிழரசு அவளுக்கு மட்டும் என்னமோ செய்து கொடுத்திருக்கிறான். நினைக்கும்போதே சண்முகப்பிரியாவுக்கு வயிறு எரிந்தது. ஒரு வருடமாக அவனை மனதில் வைத்திருக்கிறாள், இன்னும் சொல்லவில்லை.

"உனக்கு மட்டும் எப்படிடி வருது? அவரு தனியாக் கவனிக்கிறாரோ?"

அகல்யா சிரித்துக்கொண்டே எழுந்து வந்து அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"அக்கா, கரண்ட் போனா நெட்வொர்க்ல பிரிண்டரோட அட்ரஸ் மாறிருமுங்க. எங்க கம்ப்யூட்டரெல்லாம் பிரிண்டரோட பேரை வெச்சுத் தேடுது, கண்டுபுடிச்சிருது. உங்களுது மட்டும் பழைய அட்ரஸுக்கே போய் நிக்குது."

"அதான் ஒவ்வொரு தடவையும் அவரு வந்து புது அட்ரஸ் போட்டுத் தாராரே?"

"எங்க எல்லாருக்கும் பேரைப் போட்டுவிட்ட அண்ணன், உங்களுக்கு மட்டும் எதுக்கு வந்து வந்து அட்ரஸ் போடோணும்? அரை நிமிச வேலை. மாத்தட்டுங்களா?"

சண்முகப்பிரியா சட்டென்று மவுஸைப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாஞ் சாமி. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

பிறகு போனை எடுத்தாள்.

"ஏனுங்க, மறுபடியும் பிரிண்ட் வரமாட்டேங்குதுங்க. கொஞ்சம் வாரீங்களா?"