ஒரு நாள் பரோல்

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்துக்குள். மணி எட்டே முக்கால் ஆகியும் பஸ் சாத்தூரை எட்டிப் பார்க்கவில்லை. சுடலை தன் புதுப் பட்டு வேட்டியின் கசங்கலைப் பத்தாவது தடவையாக நீவிவிட்டான்.

பக்கத்து சீட்டில் ஏட்டு ராஜபாண்டியன், காக்கியில்லாமல் வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தார். பார்த்தால் அண்ணனும் தம்பியும் கல்யாணத்துக்குப் போகிறார்கள் என்றுதான் தோன்றும். கைதியும் காவலும் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள்.

சுடலை சிவகாசி அச்சகம் ஒன்றில் பதினெட்டு வருஷம் புரூப் திருத்தியவன். போலி லாட்டரிச் சீட்டு அச்சடித்த வழக்கில் முதலாளி ஓடிப்போக, இவன் அகப்பட்டுக்கொண்டான். அவனைக் கோர்ட்டுக்கும் ஜெயிலுக்குமாக அழைத்துப் போய் வந்தவர் ராஜபாண்டியன். வழியில் அவர் டீ வாங்கிக் கொடுக்காத நாளில்லை.

'மகள் முறையாகும் பெண்ணின் திருமணம்' என்று பரோலுக்கு மனுப் போட்டிருந்தான். விசாரிக்க வந்த அதிகாரியிடம் அச்சங்குளத்தில் தெருவே திரண்டு, "ஆமாங்கய்யா, பொண்ணுக்குச் சித்தப்பா முறை" என்று ஒரே குரலில் சொன்னது. ஒரு நாள் கிடைத்தது. மாலை ஆறு மணிக்குள் ஜெயிலுக்குத் திரும்பியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் காவலுக்குப் போக மூன்று ஏட்டுகள் சாக்குச் சொல்லி நழுவினார்கள். ராஜபாண்டியன்தான் "நான் போறேன்" என்று பெயர் கொடுத்தார்.

"ஏலே சுடலை, பரோல் பரோலுங்காகளே, அது என்ன பாசை?" ராஜபாண்டியன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிரெஞ்சு பாசை அண்ணாச்சி. பேச்சு, வாக்குன்னு அர்த்தம். டிக்சனரிக்குப் புரூப் பாத்தவன்லா, மறக்குமா?"

"வாக்குக்கும் ஜெயிலுக்கும் என்னலே சம்பந்தம்?"

"அந்தக் காலத்துல சண்டையில பிடிபட்ட பட்டாளத்துக்காரன், 'தப்பி ஓடமாட்டேன், சொன்னபடி நடப்பேன்'னு வாக்குக் குடுப்பானாம். அதை நம்பி அவுத்து விட்ருவாகளாம். அந்த வாக்குக்குத்தான் பரோல்னு பேரு."

"கூட ஏட்டு போவாரா?"

"ஏட்டெல்லாம் கிடையாது."

"குடுத்து வச்சவன்."

"யாரு, கைதியா?"

"கைதி என்னலே கைதி. ஏட்டைச் சொன்னேன்."

பஸ் ஒரு டீக்கடை முன்னால் போய் நின்றது. டிரைவர் இறங்கி நிதானமாக வாய் கொப்பளித்தார். ராஜபாண்டியனின் கை சட்டைப் பையில் இருந்த போலீஸ் கார்டுக்குப் போனது.

சுடலை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "எடுக்காதீக. நீங்க யாருன்னு தெரிஞ்சா, பக்கத்துல இருக்கவன் யாருன்னு அடுத்துக் கேப்பாக. நான் பேசுதேன்."

எழுந்து நின்று பொதுவாகச் சொன்னான். "அண்ணே, ஒம்பதரைக்குள்ள நாங்க அச்சங்குளத்துல நிக்கணும். கல்யாண வீடு. கொஞ்சம் தயவு பண்ணுங்க."

முன் சீட்டில் மடியில் வெற்றிலைக் கட்டோடு இருந்த பாண்டிலட்சுமி என்ற அம்மாள் திரும்பினாள். "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"பொண்ணு வீடு ஆச்சி. நான் போய்ச் சேந்தாத்தான் தாரை வார்க்கிறதே நடக்கும்."

"ஏன், பொண்ணுக்கு அப்பா இல்லையா?"

"மலை மாதிரி இருக்காரு. வேலையில லீவு குடுக்கமாட்டேன்னுட்டாக."

"பெத்த புள்ளைய தாரை வார்க்கக்கூட லீவு குடுக்காம அது என்ன வெளங்காத வேலை? வெளிநாடா?"

"அப்படித்தான் வச்சுக்கோங்களேன்."

ராஜபாண்டியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாண்டிலட்சுமி அதற்கு மேல் பொறுக்கவில்லை. தலையை வெளியே நீட்டி, "ஏய்யா டிரைவரு, டீயை வந்து குடிக்கலாம், தாலியை வந்து கட்ட முடியுமா?" என்று போட்ட போட்டில் டிரைவர் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தார். அதன் பிறகு பஸ் லோடு இறக்கிய லாரி மாதிரி பறந்தது.

சாத்தூரில் ஆட்டோ பிடித்து அச்சங்குளத்துப் பந்தலில் இறங்கும்போது மணி ஒன்பது நாற்பது. நாதஸ்வரக்காரர் ஒரே ராகத்தை இழுத்து இழுத்துக் களைத்திருந்தார். மணமேடையில் பிரீத்திகா தலை நிமிர்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பேச்சியம்மாள் வாசலுக்கு ஓடிவந்து, "வந்துட்டீகளா, வந்துட்டீகளா" என்றாள்.

மைக்கில் ஐயர் அவசரப்படுத்தினார். "தாரை வார்க்கிறவா சீக்கிரம் மேடைக்கு வாங்கோ. நேரம் போறது."

பந்தலில் இருந்த அத்தனை தலைகளும் வாசலுக்குத் திரும்பின. சுடலை ஓர் அடி எடுத்து வைத்தான். முடியவில்லை. அவன் மணிக்கட்டு ராஜபாண்டியனின் பிடியில் இருந்தது.

கைதியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவர் உத்தரவை மீறியதில்லை. இப்போதும் பிடி தளரவில்லை.

சுடலை அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, மேடைக்கு நேர் எதிரே, நட்டநடுவில் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"மேடையிலருந்து பாத்தா நான் நல்லாத் தெரிவேன். நீங்க போயி உங்க மகளைத் தாரை வார்த்துக் குடுங்க, அண்ணாச்சி."